போர்வெல் கேபிள் திருட்டு: காட்டில் தடுப்பதா, காயலான் கடையில் தடுப்பதா?

#1 முந்திரிக்காடு (பண்ருட்டி)

வணக்கம். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, நெல்லிக்குப்பம் பக்கம் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டு விவசாயம் செய்கிற எல்லோருக்கும் பொதுவான கேள்வி. மோட்டார் கொட்டகைக்கும் போர் வாய்க்கும் நடுவே ஓடுகிற கேபிளைத்தான் வெட்டுகிறார்கள். ஸ்டார்ட்டரைக்கூட தொடுவதில்லை. முப்பது மீட்டர் போனால் கேபிள் காசோடு நிற்பதில்லை. வெட்டுப்பட்ட முனை போருக்குள் விழுந்துவிட்டால் குழாயோடு மோட்டாரை மேலே ஏற்றி, ஜாயின்ட் போட்டு, மறுபடி இறக்க வேண்டும். அந்தக் கூலியே கேபிள் விலையைத் தாண்டிவிடும். நட்டு பத்து நாளான நாற்று அதுவரை காயும்.

அப்படி எவ்வளவு காசு கிடைக்கிறது என்று இதை எடுக்கிறார்கள்? தடுக்க உருப்படியான வழி என்ன? நாய் வளருங்கள், காவல் போடுங்கள் என்பதைத் தாண்டி யாராவது சொல்லுங்கள்.

#2 மின்பணி (கடலூர் முதுநகர்)

முதல் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். செம்பின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 8.96 கிராம். 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டாருக்கு நம் பக்கம் போடுவது பெரும்பாலும் 4 சதுர மி.மீ. மூன்று கோர் (உள்ளே மூன்று கம்பி) தட்டை கேபிள். ஒரு மீட்டரில் 4 × 3 × 8.96, அதாவது சுமார் 107 கிராம் செம்பு. முப்பது மீட்டரில் 3.2 கிலோ. கணக்குக்காகக் கிலோ 700 ரூபாய் என்று வைத்தாலும் 2,200 ரூபாய்க்கு மேல். எடுக்கிறவனுக்கு இது இரண்டு மூன்று நாள் கூலி. ஒரு சாக்குப் பைக்குள் அடங்கும், சைக்கிளில் கட்டிக்கொண்டு போகலாம்.

அதே 2,200 ரூபாய்க்கு இரும்பு எடுக்க வேண்டுமென்றால் எழுபது எண்பது கிலோ தூக்க வேண்டும், வண்டி வேண்டும், இன்னொரு ஆள் வேண்டும். செம்பில் பணம் எடைக்குள் சுருண்டு கிடக்கிறது. ஸ்டார்ட்டரை விட்டுவிடுவதற்கும் காரணம் இதுதான். அதன் எடையில் பெரும்பகுதி தகரமும் பேக்கலைட்டும், பெட்டியின் மேல் வரிசை எண் வேறு இருக்கும்.

ஏசி வெளி யூனிட் குழாய்க்கும் இதே கணக்கு பொருந்தும். புதுச்சேரி கடற்கரைச் சாலை வீடுகளில் கால் அங்குலமும் அரை அங்குலமுமாக இரண்டு செம்புக் குழாய் போகிறது. இரண்டும் சேர்ந்து மீட்டருக்கு ஏறத்தாழ 380 கிராம். மூன்று மீட்டர் அறுத்தால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், கையில் கிடைப்பது எண்ணூறு ரூபாய் அளவு. வீட்டுக்காரருக்குப் புதுக் குழாய், கேஸ் நிரப்புதல், கூலி எல்லாம் சேர்த்துப் பல ஆயிரம் போகிறது. ஈரக்காற்று உள்ளே போய் கம்ப்ரஸர் கெட்டால் அதுவும் தனி. திருடனுக்கு ஒரு ரூபாய் வந்தால் நமக்குப் பத்து ரூபாய் போகிறது.

#3 தராசுக்கடை (புதுச்சேரி)

இந்தத் தொழிலில் இருக்கிறவன் என்பதால் கடைப் பக்கத்தை எழுதுகிறேன். எல்லாக் கடைக்காரனும் திருட்டுச் சரக்கு வாங்குகிறவன் என்ற பேச்சு பொய். வாங்குகிறவன் யாருமே இல்லை என்பதும் பொய்.

காயலான் கடையில் செம்புக்கு ஒரே விலை கிடையாது. உரித்த பளபளப்பான தடிக்கம்பிக்கு மேல் விலை. எரித்த கம்பிக்கு அதைவிடக் குறைவு, ஏனென்றால் மேலே கரியும் ஆக்சைடும் ஒட்டியிருக்கும், உருக்கும்போது எடை குறையும். மோட்டார் காயிலில் எனாமல் இருப்பதால் அதற்கு வேறு விலை. தெருவில் பொறுக்குகிறவர் எங்களிடம் போடுகிறார், நாங்கள் மொத்தக் கடைக்குப் போடுகிறோம், அங்கிருந்து உருக்காலைக்குப் போகிறது. ஒவ்வொரு கையிலும் விலை கொஞ்சம் ஏறும். உலையில் 1,085 டிகிரி தாண்டியபின் அது யார் தோட்டத்துக் கம்பி என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கண்டுபிடிக்கிறதென்றால் முதல் இரண்டு கைக்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

எரித்தால் விலை குறையும் என்று தெரிந்தும் ஏன் எரிக்கிறார்கள்? உரிக்க நேரம் ஆகும் என்பது ஒன்று. கேபிள் உறை மேல் கம்பெனி பெயரும் அளவும் சாம்பலாகிவிடும் என்பது இன்னொன்று. சந்தேகப்பட வேண்டிய சரக்கு எப்படி இருக்கும் என்றால், எல்லாம் ஒரே தடிமன், முழம் முழமாக ஒரே நீளத் துண்டு, புதுசாக எரித்த வாடை. வீட்டு ஒயரிங் கழிவு அப்படி வராது. அதில் ஒன்று, இரண்டரை சதுர மி.மீ. கம்பிகள் கலந்து, சுவிட்ச் பித்தளையோடு, குட்டையும் நெட்டையுமாக வரும். ஆனால் எரித்தது எல்லாமே திருட்டு என்று சொல்லிவிடாதீர்கள். நேர்மையாகக் குப்பை பொறுக்குகிற குடும்பங்களும் எரிக்கிறார்கள்.

அந்தப் புகையைப் பற்றி ஒரு வார்த்தை. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், டையாக்ஸின் வரும். செம்பு பக்கத்தில் இருப்பது டையாக்ஸின் உருவாவதைக் கூட்டும். எரிக்கிற இடத்தில் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். எரித்ததற்கும் உரித்ததற்கும் விலையில் பெரிய இடைவெளி வைத்து, உரிக்கும் கைமெஷினைக் கடையிலேயே போட்டுவைத்தால் பாதி எரிப்பு நிற்கும்.

#4 வக்காலத்து (கடலூர்)

புகார் கொடுப்பதில் எல்லோரும் தவறவிடுகிற ஒரு இடம். 2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. திருட்டுக்கு அதில் பிரிவு 303(2). பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் முறை குற்றவாளியாகி, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் தண்டனை சமூக சேவைதான். அந்த வகை, நீதிமன்ற அனுமதி இல்லாமல் போலீஸ் நேரடியாக விசாரிக்க முடியாத குற்றப் பட்டியலில் போய்விடுகிறது. அதனால் மனுவில் "ஒயர் திருடு போனது, 2,000 ரூபாய் இருக்கும்" என்று பழைய இரும்பு விலையை எழுதிவிட்டால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். கேபிளை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதை பில்லோடு எழுதுங்கள். போர் வாய், குழாய், பேனல் உடைந்த சேதத்தைத் தனி வரியில், தனி மதிப்போடு எழுதுங்கள். அது 324-ன் கீழ் வரும். சேதம் 20,000 ரூபாயைத் தாண்டினால் தண்டனையும் கூடும். மிகைப்படுத்திச் சொல்லாதீர்கள். உள்ளதைக் குறைத்தும் சொல்லாதீர்கள்.

வாங்குகிறவர் மீது 317. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் மூன்று வருடம் வரை. அதையே வழக்கமாகச் செய்கிறவருக்கு 317(4)-ல் ஆயுள் தண்டனை வரை இடம் இருக்கிறது. சட்டத்தில் பஞ்சமில்லை. "நம்பக் காரணம்" இருந்தது என்பதை நிரூபிக்கத்தான் கையில் ஒன்றும் இருப்பதில்லை.

மின்வாரியக் கம்பி, ட்ரான்ஸ்ஃபார்மர் பாகம் என்றால் 2003 மின்சாரச் சட்டம் 136, அதை வாங்குகிறவருக்கு 137. ரயில்வே சொத்துக்கு 1966-ம் வருடச் சட்டம் தனியாக இருக்கிறது. அதில், நியாயமான சந்தேகத்துக்குரிய ரயில்வே சாமான் கையில் இருந்தால், முறையாக வந்தது என்று வைத்திருப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ரயில்வே இரும்பைத் தொடக் கடைக்காரர்கள் யோசிப்பதற்கு இந்த ஒரு வரி காரணம். விவசாயி கேபிளுக்கு அப்படி ஒரு வரி இல்லை.

#5 முந்திரிக்காடு

வக்காலத்து ஐயா, நன்றி. பில் இல்லாதவர்கள் என்ன செய்வது? பாதிப் பேர் பத்து வருடத்துக்கு முன் வாங்கியது.

#6 வக்காலத்து

பில் இல்லாவிட்டால் அடையாளம் வேண்டும். இன்றைக்கே மோட்டார் பெயர்த்தகடு, பேனல் வரிசை எண், கேபிள் உறையில் உள்ள அச்சு எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். பல கேபிளில் மீட்டருக்கு மீட்டர் ஓடும் எண் அச்சிட்டிருக்கும். தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் எழுதி வைத்தால் எந்தத் துண்டு உங்களுடையது என்று சொல்லலாம். பிடிபட்ட சரக்கு ஸ்டேஷனில் கிடந்தும் உரியவருக்குப் போகாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம், இது என்னுடையது என்று யாராலும் காட்ட முடியாததுதான்.

#7 பாகூர்க்காரன் (பாகூர்)

எல்லையைப் பற்றி யாரும் பேசவில்லை. பாகூரிலிருந்து சில கிலோமீட்டர் போனாலே தமிழ்நாடு வந்துவிடும். முள்ளோடை தாண்டினால் கடலூர், மண்ணாடிப்பட்டு கொம்யூனில் திருக்கனூர் தாண்டினால் விழுப்புரம் மாவட்டம். ராத்திரி ஒரு மாநிலத்தில் வெட்டியது காலையில் இன்னொரு மாநிலத் தராசில் நிற்கும். இரண்டு போலீஸ், இரண்டு பதிவேடு.

புகார் கொடுக்கப் போனால் "அது எங்கள் எல்லை இல்லை" என்ற பேச்சு வரும். குற்ற விசாரணை முறைக்கான புதுச் சட்டம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ன்படி எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம், எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. அவர்கள் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். மின்னஞ்சல் வழியாகக் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். கடலூர் பக்கம் திருடு போனாலும் புதுச்சேரி பக்கக் கடைகளுக்கு அன்றைக்கே செய்தி போகவேண்டும். மூன்றாம் நாள் போனால் கம்பி உலையில் இருக்கும்.

வரிக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால்தான் ஈ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டு). கிலோ 700 என்றால் எழுபது கிலோ செம்புக்கு மேல். இரு சக்கர வண்டியில் போகும் சாக்கு அந்த வரம்பைத் தொடுவதே இல்லை.

#8 மின்பணி

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். திருடனுக்குக் கிடைக்கும் காசைக் குறைப்பதுதான் என் வழி.

கொட்டகையிலிருந்து போர் வாய் வரை செம்பு தேவையே இல்லை. மின்தடையைப் பாருங்கள். 4 சதுர மி.மீ. செம்பு கிலோமீட்டருக்கு 4.61 ஓம், 6 சதுர மி.மீ. அலுமினியமும் 4.61 ஓம். 6 செம்பு 3.08 ஓம், 10 அலுமினியமும் 3.08 ஓம். 4 செம்பு இருக்கிற இடத்தில் நான் 6 அலுமினியம் போடச் சொல்ல மாட்டேன். அந்த அளவு அலுமினியம் இரண்டு முறை வளைத்தால் ஒடியும். 10 சதுர மி.மீ. மூன்று கோர் ஆர்மர்டு அலுமினியம் போடுங்கள். மின்னழுத்த இழப்பு முன்பைவிடக் குறையும். ஒரு மீட்டரில் உள்ள அலுமினியம் 81 கிராம். கிலோ 150 என்று வைத்தால் 12 ரூபாய்க்கு வரும், செம்பில் அது 75 ரூபாய். மேலே சுற்றிய இரும்புக் கவசத்தை உரிக்கும் பாடு வேறு. போருக்குள் தொங்கும் பகுதி மட்டும் செம்பாகவே இருக்கட்டும்.

புதைக்கும் ஆழம் 75 செ.மீ. அடியில் ஒரு சாண் மணல், கேபிள், மேலே மணல், அதன் மேல் செங்கல் வரிசை. டிராக்டர் கலப்பை அந்த ஆழத்துக்கு வராது. கேபிள் வெளியே எட்டிப் பார்ப்பது இரண்டே இடம், கொட்டகைச் சுவரும் போர் வாயும். இரண்டிலும் தரைக்கு மேல் ஒரு முழம் ஜிஐ குழாய்க்குள் விட்டு, அடியைக் கான்கிரீட்டில் அமுக்குங்கள்.

போர் வாயில் இன்னொரு வேலை. மூடித் தட்டுக்குக் கீழே, கேசிங் (போரின் வெளிக்குழாய்) உள்ளேயே, கேபிளைக் குழாயோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். மேலே வெட்டினாலும் முனை உள்ளே விழாது. மோட்டாரை ஏற்றி இறக்கும் செலவு மிச்சம். மூடித் தட்டு போல்ட்டுகளில் இரண்டை, முறுக்கியதும் தலை உடைந்து விழும் ஷியர் நட்டாகப் போடுங்கள். பிறகு மோட்டாரைத் தூக்கும்போது அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்குத் தயாராக இருங்கள். கடற்கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் என்றால் சாதா நட்டு ஒரு வருடத்தில் துருப்பிடிக்கும், 316 ரகம் துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள்.

#9 கம்பிவலை (குறிஞ்சிப்பாடி)

அலாரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அதே பள்ளத்தில் ஒரு ஜோடி மெல்லிய முறுக்கு ஒயர் விட்டு, போர் முனையில் 10 கிலோ-ஓம் ரெசிஸ்டர் போட்டு முடியுங்கள். கொட்டகையில் உள்ள, சிம் போட்டு போனுக்கு அழைக்கும் ஜிஎஸ்எம் அலாரம் அந்த 10 கிலோ-ஓமையே பார்த்துக்கொண்டிருக்கும். அறுத்தாலும் அழைக்கும், இரண்டு முனையை ஒட்ட வைத்தாலும் அழைக்கும். ரெசிஸ்டரைக் கொட்டகைப் பக்கமே வைத்துவிடுகிறார்கள், அப்படி வைத்தால் வெளியே ஒயர் அறுந்தது தெரியவே தெரியாது.

கெட்டுப்போவது எங்கே என்றால், பவர் கேபிளுக்குப் பக்கத்திலேயே ஓடினால் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் பொய் அழைப்பு வரும். ஒரு சாண் தள்ளி விடுங்கள், இரண்டு நொடி தாமதம் வையுங்கள். எலி கடிக்கும், அதனால் மெல்லிய ஒயரையும் குழாய்க்குள் விடுங்கள். அலாரம் தேவைப்படுவதே மின்சாரம் இல்லாத நேரத்தில் என்பதால் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி கட்டாயம், இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டும். இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு சிம் ரீசார்ஜை மறந்துவிடுகிறார்கள்.

#10 ஸ்டோர்கீப்பர் (கடலூர் சிப்காட்)

தோட்டத்தில் வெளியாள் வருகிறான். தொழிற்சாலையில் சரக்கு கேட் வழியாகவே, எடைச் சீட்டோடு போகிறது. இரும்புத் துருவல் லோடுக்கு அடியில் செம்பு, பித்தளை. வெறும் வண்டியை எடை போடும்போது ஆட்கள் ஏறி நிற்பது, டேங்க் நிறையத் தண்ணீர் வைப்பது, பிறகு இறக்கிவிட்டு லோடு ஏற்றுவது. வெற்று எடை கூடினால் சரக்கு எடை குறைவாகக் காட்டும்.

பழைய சீட்டில் உள்ள வெற்று எடையை ஏற்றுக்கொள்ளவே கூடாது. ஒவ்வொரு முறையும் ஓட்டுநரும் இறங்கிய பிறகு போடுங்கள். இரும்பும் செம்பும் ஒரே நாளில், ஒரே வண்டியில் வெளியேறக் கூடாது. செம்பு, பித்தளை, மோட்டார் காயில் எல்லாம் பூட்டிய கூண்டுக்குள், வாரம் ஒரு முறை எடை பார்த்து. ஒரு மோட்டாரை ரீவைண்டிங் செய்தால் பழைய காயில் எடையும் புதுக் காயில் எடையும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். அதைப் பதிவேட்டில் எழுதினாலே பெரிய ஓட்டை அடையும்.

நின்றுபோன ஆலைகள்தான் மிகக் கடினம். பெரியகுப்பத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வேலை 2011 தானே புயலுக்குப் பிறகு நின்றது, அங்கே இரும்புத் திருட்டு பல வருடம் செய்தியில் அடிபட்டது நம் எல்லோருக்கும் தெரியும். வேலை நின்ற இடத்தில் கணக்கெடுப்பு நிற்கக் கூடாது. எதை விற்கப் போகிறோமோ அதை முதல் ஆறு மாதத்தில் ஏலம் விட்டு வெளியேற்றுவது, பத்து வருடம் காவல் காப்பதைவிட மலிவு.

#11 தராசுக்கடை

எல்லோரும் கடைசியில் எங்கள் தராசுக்குத்தான் வருவீர்கள், வாருங்கள். செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

செம்பு, பித்தளை, அலுமினியக் கம்பி, ஈய பேட்டரி இந்த நாலுக்கும் ரொக்கம் வேண்டாம். யுபிஐ அல்லது வங்கி. விற்கிறவர் அடையாள அட்டை, வண்டி எண், தராசில் சரக்கு இருக்கும் போட்டோ, எடை, நேரம். ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை வாங்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளிடம் வாங்கவே கூடாது. வாங்கியதை மூன்று நாள் தனி மூட்டையில் சீட்டு கட்டி வைத்துவிட்டு, அதன் பிறகே மொத்தக் கடைக்கு அனுப்ப வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 சட்டப்படி பழைய உலோகம் வாங்க ரொக்கம் கொடுப்பதே குற்றம். தென்னாப்பிரிக்கா 2022 நவம்பரில் பழைய செம்பு ஏற்றுமதியையே நிறுத்தியது. இங்கே 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவில்லாதவரிடம் பழைய உலோகம் வாங்கினால் பதிவுள்ள கடைக்காரரே ஜிஎஸ்டி கட்ட வேண்டும். பதிவு வைத்திருப்பவன் சீட்டுப் போடுகிறான். பதிவே இல்லாத தெருக்கோடித் தராசுக்கு அது கிடையாது.

எங்கள் சிரமத்தையும் கேளுங்கள். மூன்று நாள் மூட்டை கட்டி வைத்தால் சின்னக் கடையின் முதல் முடங்கும். நான் மட்டும் அட்டை கேட்டால் விற்கிறவர் அடுத்த தெருவுக்குப் போவார். கடலூர், விழுப்புரம், புதுச்சேரி மூன்றிலும் ஒரே நாளில் ஒரே விதி வந்தால் முதல் ஆளாக நான் செய்வேன்.

#12 பாகூர்க்காரன்

அண்ணே, பொறுக்கி விற்கிற பாட்டிக்கு யுபிஐ கிடையாது. அவருக்கு என்ன வழி?

#13 தராசுக்கடை

இரும்பு, தகரம், பிளாஸ்டிக், அட்டை எல்லாம் ரொக்கத்திலேயே போகட்டும், அவர் கொண்டுவருவதில் பெரும்பங்கு அதுதான். கூட நூறு இருநூறு கிராம் கம்பி இருந்தால் அதற்கும் ரொக்கம் கொடுக்கலாம். ஒரு கிலோவுக்கு மேல் செம்பு என்றால் மட்டும் விதி. அந்த ஒரு கிலோ வரம்பு இல்லாமல் சட்டம் போட்டால் அடிபடுவது அவர்தான்.

#14 தெருவிளக்கு (உழவர்கரை)

ஊருக்குப் பொதுவான சாமான்களையும் மறக்காதீர்கள். பாதாளச் சாக்கடைக்கு வார்ப்பிரும்பு மூடிக்குப் பதில் எஃகு நார் கலந்த கான்கிரீட் மூடி போட்டால் உடைத்தாலும் காசு தேறாது. ஐஎஸ் 12592-ல் தரம் இருக்கிறது. மூடி தாங்க வேண்டியது நடைபாதைக்கு 2.5 டன், வீதிக்கு 10, கனரக வண்டி போகும் சாலைக்கு 20 அல்லது 35. வீதிக்குரிய மூடியை லாரிச் சாலையில் போட்டுவிட்டு உடைந்ததும் கான்கிரீட்டைக் குறை சொல்கிறார்கள்.

ட்ரான்ஸ்ஃபார்மர் எர்த்துக்குச் செம்புப் பட்டை வேண்டாம், ஜிஐ பட்டை போதும். எர்த்தை உருவிக்கொண்டு போன ட்ரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலும் அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வரை ஏறும், தெருவே டிவியையும் ஃபிரிட்ஜையும் இழக்கும். மழை நாளில் கம்பி அறுந்து விழுந்தால் ஃபியூஸ் போகாமலே உயிரோடு கிடக்கும். ஆள் சாகும் திருட்டு இது.

#15 முந்திரிக்காடு

மின்பணி அண்ணே, 10 அலுமினியம் போட முடிவு. ஆனால் அலுமினியம் போட்டால் ஸ்டார்ட்டர் முனை கருகிவிடும் என்று எலக்ட்ரீஷியன் பயமுறுத்துகிறார்.

#16 மின்பணி

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, சரியாகப் போடாவிட்டால் கருகும். அலுமினியம் காற்றுப்பட்ட நொடியில் ஆக்சைடு படியும். சூட்டில் செம்பைவிட அதிகம் விரியும், திருகு தளரும். பித்தளை முனையோடு நேராகத் தொட்டால் ஈரத்தில் அரிக்கும். முனையைக் கம்பி பிரஷால் தேய்த்து, உடனே ஆக்சைடு தடுக்கும் பசை தடவி, 10-க்கு உரிய பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு உள்ள முனை) போட்டு, கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்குவது வேண்டாம். போர் வாயில் அலுமினியமும் செம்பும் சேரும் இடத்தை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். தரைக்கு மேல், நீர் புகாத பெட்டிக்குள் டெர்மினல் பிளாக் வையுங்கள். கவசத்தை இரண்டு முனையிலும் கிளாண்ட் போட்டு எர்த்தோடு சேருங்கள்.

ஒரு வாரம் ஓடிய பிறகு மெயினை நிறுத்திவிட்டு எல்லாத் திருகையும் ஒரு முறை இறுக்குங்கள். அடுத்து ஆறு மாதத்தில் ஒரு முறை. மோட்டார் அரை மணி ஓடி நின்றதும், மெயினை இறக்கி, டெஸ்டரில் மின்சாரம் இல்லை என்று பார்த்துவிட்டு மூன்று லக்கையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சுட்டால் அந்த முனையைக் கழற்றிப் புதிதாகப் போடுங்கள்.